உறிஞ்சுவது யார்?

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழைகளுள் சில, அகராதியைப் பார்த்தே செய்யப்படுபவை. ஓரிடத்தில் நிறுவிய யந்திரத்தையும் சுவர்களுக்குள் பதித்த குழாய்களையும் கொண்டு வீடு முழுவதையும் துப்புரவு செய்யும் முறையைப் பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்கியபோது, “யந்திரம் தூசியை உறிஞ்சி இழுக்கிறது” என்று எழுதினேன். அதைப் படித்த ஆசிரியர் ஒருவர், “காற்றுக் குறைந்த இடத்திற்கு இழுக்கும் வலிமை ஏது?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அச்சொல் மாணவர் மனத்தில் தவறான சித்திரத்தை எழுப்புகிறது என்பதே இப்போது என் கருத்து.

இம்முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் மிகுதியாக வழங்குகிறது. அங்கே பல வீடுகளின் சுவர்கள் மரச்சட்டங்களால் ஆகி உள்ளே பொள்ளலாக இருப்பதால், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்களைப் பதிப்பது எளிது. செங்கற்சுவரில் இதற்கெனக் காடி வெட்ட வேண்டும். நிலவறையிலோ மோட்டார் வண்டிக் கொட்டகையிலோ மோட்டாரும், விசிறிகளும், தூசித் தொட்டியும் அமைகின்றன. அறைச் சுவர்களில் மூடியிட்ட துளைகள் உண்டு. ஏறக்குறைய 9 மீட்டர் நீளமுள்ள நெகிழ்குழாயை ஒரு துளையில் செருகி, மோட்டாரை இயக்குகிறார்கள்.

விசிறி செய்வது ஒன்றே: தொட்டியிலுள்ள காற்றை வெளியே தள்ளுகிறது. அதனால் தொட்டியிலும் குழாயிலும் அழுத்தம் குறைகிறது. அறைக் காற்றோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு விசையுடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. அக்காற்றே குழாய்க்குள் பாய்ந்து, வெள்ளம் சருகை அடித்துச் செல்வதுபோல் தூசியைக் கொண்டு செல்கிறது. தொட்டியில் கனமான துகள்கள் வீழ்ந்துவிடுகின்றன. காற்றைச் சுவருக்கு வெளியே விட்டுவிடும்படி அமைத்தால், எஞ்சிய நுண்தூசி அறைக்குத் திரும்புவதில்லை. என் மதிப்பீட்டில் இம்முறையின் தலையாய நன்மை இதுவே. ஓசைக் குறைவு அதற்கு அடுத்ததே. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் இயக்கிய பெரிய யந்திரமும் வீட்டினுள் நுழையவில்லை. அது குதிரை வண்டியில் தெருவிலேயே நிற்க, நீண்ட குழாய்கள் மட்டும் சன்னல் வழியே உள்ளே சென்றன.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்தால் பம்பைக் கிணற்றினுள் இறக்கி அமைப்பதைக் களப்பணியாளர் அறிவர். பம்பு நீரை “உறிஞ்சுவது” மெய்யானால், மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டினால் போதுமே! வெளிக்காற்று நீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் தள்ள மாட்டாது. நடைமுறையில் அதனினும் குறைவு. துப்புரவு யந்திரத்திற்கும் இதே வரம்பு உண்டு. வாயை முற்றிலும் மூடிய நிலையில், வீட்டுக்கான நல்ல யந்திரம் உண்டாக்கும் அழுத்தக் குறைவு சுமார் 3 மீட்டர் நீர்த்தம்பத்திற்கு ஈடாகும்.

ஆனால் வாயை மூடினால் ஒரு துகளும் நகராது! அவ்வேளையில் மோட்டாரின் ஓசை உச்ச சுருதிக்கு ஏறுவதைக் கேட்டு, அது பெருமுயற்சி செய்து தவிக்கிறது என்று மாணவர் எண்ணுவர். உண்மை நேர்மாறானது. தள்ளுவதற்குக் காற்றின்றிச் சுமை குறைந்துவிட்டதால்தான் அது விரைந்து சுழல்கிறது. ஆகவே நீர்த்தம்ப அளவை மட்டும் விளம்பரம் செய்யும் விற்பனையாளர் பாதிச் செய்தியையே கூறுகிறார்; நிமிஷத்திற்கு எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

பேச்சு வழக்கிலிருந்து “உறிஞ்சுதலை” நீக்க எவராலும் இயலாது. எனக்கும் அவ்வாசை இல்லை. பாடப் பகுதியில் மட்டும், “காற்று தூசியைக் குழாய்க்குள் தள்ளிச் செல்கிறது” என்று இனி எழுதுவேன். ஐயுறும் மாணவனிடம் ஒரு புட்டி நிறைய நீரைக் கொடுங்கள். உறிஞ்சுகுழல் நுழைத்த தக்கையால் அதன் வாயைக் காற்றுப் புகாதவாறு அடைத்துவிட்டு, குடிக்கச் சொல்லுங்கள். கன்னம் ஒட்ட இழுத்தாலும் நீர் வராது. தக்கையைச் சற்றே தளர்த்தினால் வரும்.