ஊர் நிரம்பலை ஐயா, வரிசைதான் தப்பு

தோட்டம், சமையல், பழைய பாட்டு என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. கொஞ்ச நாளாகவே எரிச்சல். கொட்டித்தான் ஆகணும். பதிவு நீளம், காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

நான் குப்பை கொட்டுகிற பல்லாரட், மெல்பர்னுக்கு மேற்கே சுமார் 110 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 1851-ல் தங்கம் கிடைத்ததால் உருவான ஊர். இப்போ ஊரின் மேற்கிலும் தென்மேற்கிலும் லூகாஸ், டெலகோம், விண்டர் வேலி என்று புதுக் குடியிருப்புகள் பரவிக்கொண்டே போகின்றன. நேற்று ஆடு மேய்ந்த இடத்தில் இன்றைக்கு கான்கிரீட் தளம், நாளைக்கு வீடு.

இதைப் பற்றி பேச்செடுத்தால் இரண்டு கோஷ்டி.

முதல் கோஷ்டி உள்ளூர்க்காரர்கள். "ஊர் நிரம்பிடுச்சு, வர்றவங்களை நிறுத்தணும்" என்பார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் நிறையப் பேர். 'வர்றவங்க' என்று சொல்லும்போது கண் என் பக்கம் ஒரு தடவை வந்துட்டுப் போகும் :-)

இரண்டாவது கோஷ்டி நம்ம ஆளுங்க. "வளர்ச்சின்னா அப்படித்தான் மச்சி இருக்கும். போகப்போக எல்லாம் சரியாயிடும். நீ பேசாம இன்னொரு லேண்ட் வாங்கிப் போடு."

இரண்டு கோஷ்டியும் சொல்வது தப்பு என்பதுதான் இந்தப் பதிவு. ஜனம் வருவது பிரச்சினையே இல்லை. முதலில் வீடு, அப்புறம் என்றைக்காவது ரோடு, பஸ், பள்ளிக்கூடம், டாக்டர் என்கிற வரிசைதான் பிரச்சினை. அந்த வரிசை தானாக அமையவில்லை. சிலருக்கு அது வசதியாக இருப்பதால் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

முதலில் கணக்கு. 2011 சென்சஸில் பல்லாரட் நகராட்சி எல்லைக்குள் 93,501 பேர். 2016-ல் 1,01,686. 2021-ல் 1,13,763. பத்து வருடத்தில் இருபதாயிரம் பேர், அதாவது வருடத்துக்கு இரண்டாயிரம். இது என்ன ராத்திரியோடு ராத்திரியாக வந்த வெள்ளமா? மேற்குப் பக்கம் வளரப் போகிறது என்று திட்டம் போட்டு, வரைபடம் வரைந்து, 2012-லேயே ஒப்புதலும் கொடுத்தாயிற்று. எதிர்பாராமல் வந்த விருந்தாளிக்கு சோறு இல்லை என்றால் மன்னிக்கலாம். பத்திரிகை அடிச்சு, தேதி குறிச்சு, ஊரைக் கூட்டிட்டு அடுப்பே பத்த வைக்கலைன்னா?

சரி, இந்த ஊருக்குக் கூட்டம் புதுசா? தங்கம் கிடைத்த பிறகு உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்த இடம் இது. கூடாரம், சேறு, நோய் என்று ஆரம்ப வருடங்களில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1862-ல் ஜீலாங் வழியாக ரயில் வந்துவிட்டது. 1877-ல் காங் காங் நீர்த்தேக்கம். 1887-ல் குதிரை டிராம். 1889-ல் பாக்கஸ் மார்ஷ் வழியாக மெல்பர்னுக்கு நேர் ரயில். 1905-ல் மின்சார டிராம். அன்றைய ஜனத்தொகை இன்றைக்கு இருப்பதைவிட ரொம்பக் குறைவு. கம்ப்யூட்டர் கிடையாது, புல்டோசர் கிடையாது. முதல் மண்வெட்டி விழுந்த பதினோரு வருடத்தில் ரயிலைக் கொண்டு வந்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? இருந்த டிராமை 1971-ல் நிறுத்தினோம். ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் மட்டும் சுற்றுலாவுக்காக ஓடுகிறது. மேற்கே ஸ்கிப்டன் போன ரயில் பாதையை 1985-ல் மூடினோம், அது இப்போ சைக்கிள் பாதை. அப்புறம் அதே மேற்குப் பக்கம் ஆயிரக்கணக்கில் வீடு கட்டிட்டு "அய்யோ, டிராஃபிக்" என்கிறோம். எந்த ஊரு நியாயம் இது?

ஒரு எஸ்டேட் எப்படி வளருதுன்னு கவனிச்சிருக்கீங்களா? முதலில் கொடி நடுவார்கள். அப்புறம் சிரிச்ச முகத்தோடு ஒரு குடும்பம் சைக்கிள் ஓட்டும் விளம்பரப் பலகை. மாதிரி வீடு, குட்டியா ஒரு குளம், பூங்கா. மனை விற்கும். வீடு எழும். குடும்பங்கள் வரும். சூப்பர் மார்க்கெட்கூட சீக்கிரமே வந்துவிடும், அதில் லாபம் இருக்கே! லாபம் இல்லாதது மட்டும் கடைசியில் வரும். லூகாஸில் 2010-களின் தொடக்கத்திலேயே வீடுகள் எழ ஆரம்பித்தாயிற்று. அரசு ஆரம்பப் பள்ளி திறந்தது 2020-ல். முதல் வருடம் குடி வந்தவர்களின் கைக்குழந்தை, அந்தப் பள்ளி திறக்கும்போது ரெண்டாங்கிளாஸ் படிக்கிற வயசு.

ஏன் இப்படி? சதி என்று சொல்லவில்லை. பணம் நடக்கிற பாதை அப்படி. புது எஸ்டேட்டில் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் டெவலப்பர் இவ்வளவு பங்களிப்பு கட்டணும்னு விதி இருக்கு. கவுன்சில் அதை வைத்து ரோடு, மழைநீர் வாய்க்கால், விளையாட்டு மைதானம், சமூகக்கூடம் எல்லாம் கட்டணும். ஆனால் அந்தப் பணம் முன்கூட்டியே மொத்தமாக வராது. நிலத்தைப் பிரிக்கப் பிரிக்கத்தான் வரும். ரோடு தேவைப்படும்போது கையில் பணம் இல்லை. பணம் சேரும்போது ரோடு போடுகிற செலவு எங்கேயோ போயிருக்கும். துண்டு விழுவது கவுன்சில் தலையில். சரி, கவுன்சில் ரேட்ஸை ஏத்தட்டும் என்றால், 2016-17 முதல் வருடத்துக்கு இவ்வளவுதான் ஏத்தலாம்னு விக்டோரியா அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்ட தனி அனுமதி வாங்கணும்.

இன்னொரு கூத்து. மெல்பர்ன் விளிம்பில் இருக்கும் வளர்ச்சிப் பகுதிகளில், ரயில், பஸ், பள்ளி மாதிரி மாநில அரசு வேலைகளுக்கென்று 2010 முதல் தனியாக ஒரு உள்கட்டமைப்புப் பங்களிப்பை மாநில அரசு வசூலிக்கிறது. மெல்டன் வரைக்கும் உண்டு. அதே ரயில் பாதையில் இன்னும் மேற்கே வந்தால் பல்லாரட்டில் அது இல்லை. அதே மாதிரி மனை, அதே மாதிரி வீடு, அதே மாதிரி விளம்பரக் குடும்பம். பங்களிப்பு மட்டும் கிடையாது.

ஆக, கதை இப்படிப் போகுது. ஆளை அனுப்புவது ஃபெடரல் அரசு, விசா மூலமாக. வீடு கட்டு என்று இலக்கு வைப்பது மாநில அரசு. 2024 ஜூனில் வெளியிட்ட வரைவில் பல்லாரட்டுக்கு 2051-க்குள் 46,900 புது வீடுகள், கிட்டத்தட்ட இன்னொரு பல்லாரட்! மனையைப் பிரித்து விற்று லாபம் பார்ப்பது டெவலப்பர். பில் மட்டும் கவுன்சிலுக்கு. திட்டு மட்டும் போன வருடம் வந்து இறங்கிய நர்ஸுக்கும் டிரக் டிரைவருக்கும்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஐம்பது கோடி டாலருக்கு மேல் செலவழித்து பாதையை மேம்படுத்தினார்கள். டீர் பார்க்கிலிருந்து மெல்டன் வரை இரட்டைப் பாதை வந்தது, நல்ல விஷயம். மெல்டனுக்கு இந்தப் பக்கம்? பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். நடுநடுவே எதிர் ரயிலுக்கு வழிவிட ஒதுங்குமிடங்கள். ஒரு ரயில் தாமதமானால் எதிரே வருகிறதும் காத்துக் கிடக்கும். 2023 மார்ச் கடைசியில் கட்டணத்துக்கு வரம்பு வைத்து, மெல்பர்ன் போக ஒரு நாளைக்கு 9.20 டாலர் போதும் என்றார்கள். ஜனம் சந்தோஷமாக ரயிலேறியது. பெட்டியும் தண்டவாளமும் டிக்கெட் விலையைப் பார்த்து பெரிசாகுமா என்ன?

டாக்டர் விஷயம் இன்னும் மோசம். வீடு மாறிய பிறகு பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு போன் போட்டேன். "புது நோயாளிகளை எடுப்பதில்லை." அடுத்தது, அதே பதில். மூன்றாவது இடத்தில் பெயரை எழுதிக்கொண்டார்கள், மூன்று வாரம் கழித்து. எனக்குக் காய்ச்சல்தான், தானாகவே போயிடுச்சு. நெஞ்சு வலிக்காரர் எங்கே போவார்? நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு. அங்கே கூட்டம் ஏன் என்று அப்புறம் ஆராய்ச்சி பண்ணுவார்கள். பல்லாரட் பேஸ் ஆஸ்பத்திரி விரிவாக்கத்தை 2018-ல் சுமார் 46 கோடி டாலர் என்று அறிவித்தார்கள், பிறகு அது 65 கோடியைத் தாண்டியது. தள்ளிப்போட்டால் எதுவும் மலிவாகாது.

"பணம் இல்லை, என்ன செய்வது" என்று மட்டும் யாரும் சொல்லாதீங்க. 2022 ஏப்ரலில் காமன்வெல்த் விளையாட்டு 2026-ல் விக்டோரியாவின் பிராந்திய ஊர்களில் என்று அறிவித்தார்கள். தடகளப் போட்டிகள் பல்லாரட்டில். பழைய மாட்டுச் சந்தை நிலத்தில் வீரர்களுக்கு குடியிருப்பு, ஸ்டேடியம், போக்குவரத்து, எல்லாத்துக்கும் தேதியோடு திட்டம் வந்தது. 2023 ஜூலையில் ரத்து, அதற்கு 38 கோடி டாலர் இழப்பீடு. பன்னிரண்டு நாள் விளையாட்டுக்கு தேதி குறித்து வேலை செய்யத் தெரிகிறது. வருடா வருடம் வந்து, காலம் பூராவும் இங்கேயே இருந்து வரி கட்டப் போகிற இரண்டாயிரம் பேருக்குத் தேதி குறிக்கத் தெரியவில்லை.

இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. டெவலப்பரிடம் கூடுதலாக வாங்கினால் வீட்டு விலை ஏறுமாம். இப்போது மட்டும் அந்தக் குடும்பம் கட்டவில்லையா? பஸ் உருப்படியாக இல்லாததால் இரண்டாவது கார். அதுக்கு இன்ஷூரன்ஸ், ரெஜோ, பெட்ரோல். பிள்ளையை ஊரைத் தாண்டிப் பள்ளியில் விட்டு வர தினம் ஒரு மணி நேரம். மனை விலையில் சேர்க்காததை ஆயுள் முழுக்க தவணையில் வாங்குகிறார்கள். பங்களிப்பு இவ்வளவு என்று முன்பே தெரிந்தால், நிலத்தை மொத்தமாக வாங்கும்போதே டெவலப்பர் அதைக் கழித்துதான் விலை பேசுவார். அவர்களுக்குக் கணக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

வீடு கட்டாதே என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு வீடு கிடைக்காமல் குடும்பத்தோடு அலைகிறவர்களை நேரில் பார்க்கிறேன். கட்டுங்க, நிறையக் கட்டுங்க. புது வீடுகளில் பாதியை இருக்கிற ஊருக்கு உள்ளேயே கட்டணும்னு கவுன்சிலே 2015 திட்டத்தில் குறிக்கோள் வைத்தது. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தண்ணீர், சாக்கடை எல்லாம் ஏற்கனவே இருக்கிற இடம் அது. அதை விட்டுட்டு வடக்கே மைனர்ஸ் ரெஸ்ட் பக்கம் அடுத்த புல்வெளிக்கு டேப் எடுத்துக்கிட்டுப் போனால் எப்படி?

இப்போ நம்ம ஆளுங்களுக்கு இரண்டு வார்த்தை.

2019 நவம்பரில் வந்த 491 விசாவில் நிறையத் தமிழர்கள் இந்த மாதிரி ஊர்களுக்கு வந்திருக்கிறார்கள். மூன்று வருடமாவது பிராந்தியப் பகுதியில் வாழ்ந்து வேலை பார்த்தால்தான் நிரந்தர விசாவுக்குப் போக முடியும். "அங்கே போ" என்று சட்டம் போட்டு அனுப்பியவர்களே போகும் இடத்தில் பஸ் விடவில்லை. லைசென்ஸ் எடுக்காத மனைவி, கைக்குழந்தை, இரவு ஷிப்டுக்குப் போகும் கணவன் என்று எஸ்டேட்டின் கடைசித் தெருவில் எத்தனை வீடு! அந்தத் தனிமைக்கு எந்த சென்சஸிலும் கட்டம் கிடையாது. உள்ளூர்க்காரர் முறைக்கும்போது நாம் தலை குனியத் தேவையில்லை. "எனக்கும் உனக்கும் வேண்டியது ஒரே பஸ்தான்"னு சொல்லலாம்.

சிட்னியிலும் மெல்பர்னிலும் இருந்துகொண்டு, ஊரையே பார்க்காமல் 'ஹவுஸ் அண்ட் லேண்ட் பேக்கேஜ்' வாங்கிப் போடும் அண்ணன்மார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: பள்ளிக்கூடம் எந்த வருடம், பஸ் எந்த வருடம்? பதிலே இல்லாத மனையை நாம் வரிசையில் நின்று வாங்கும் வரைக்கும் அவர்கள் ஏன் பதில் தேடப் போகிறார்கள்?

நான் கேட்பது நாலே விஷயம். ஒன்று, முதல் குடும்பம் குடி வரும் நாளிலிருந்து பஸ். இரண்டு, இத்தனை வீடு ஆனதும் பள்ளி, இத்தனை ஆனதும் ரோடு என்று எண் குறிப்பது. அது வராமல் அடுத்த கட்ட மனை விற்பனை கிடையாது. மூன்று, மெல்பர்ன் விளிம்பில் வாங்கும் பங்களிப்பை இங்கேயும் வாங்கி, இந்த ஊரிலேயே செலவழிப்பது. நான்கு, மெல்டனுக்கு மேற்கே இரண்டாவது தண்டவாளம்.

கேட்டால் கிடைக்குமா என்பீர்கள். கேட்காமல் நிச்சயம் கிடைக்காது. நிலத்தின் வகையை மாற்றும் திட்டங்களை விக்டோரியாவில் பெரும்பாலும் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அப்போது யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம், குடியுரிமை கேட்கமாட்டார்கள். இன்னொன்று நம்மில் பல பேருக்குத் தெரியாது. குடியுரிமை இல்லாவிட்டாலும், சொந்த வீட்டுக்கு ரேட்ஸ் கட்டுகிறவர் விண்ணப்பித்தால் கவுன்சில் தேர்தல் வாக்காளர் பட்டியலில் சேரலாம். பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிக்க கவுன்சிலுக்கு எத்தனை மெயில் போடுகிறோம்! அதில் ஒன்று பஸ்ஸுக்காகப் போகட்டும்.

பெண்டிகோ, ஜீலாங், டுவூம்பா பக்கம் இருக்கும் பதிவர்கள் உங்க ஊரில் எது முதலில் வந்தது, வீடா, பள்ளிக்கூடமா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டலாம். ஆனா "போகப்போக சரியாயிடும்"னு மட்டும் யாரும் எழுதாதீங்க, ப்ளீஸ். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.