வாய்க்கு ஒரு சாதகம்

கேம்பஸ் இன்டர்வியூவில் 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்று கேட்பார்கள் என்பது எல்லா மாணவர்களுக்கும் முன்கூட்டியே தெரியும். பதிலை நோட்டில் எழுதி, மனப்பாடமும் செய்துகொண்டுதான் போகிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சொல் நழுவுகிறது. அதைப் பிடிப்பதற்குள் மூன்றாவதும் நான்காவதும் போய்விடுகின்றன. வெளியே வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தை: "எல்லாம் தெரியும், வாயில வரல."

அது சாக்கு இல்லை, உண்மை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் அவர்கள். டென்ஸ் தெரியும், ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸாக மாற்றத் தெரியும், செய்தித்தாளைப் படித்தால் புரியும். ஆனால் இத்தனை வருடங்களில் வாய்விட்டு ஆங்கிலம் பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அதிகம் தேறாது. கண்ணும் கையும் பழகியிருக்கின்றன, நாக்கு பழகவில்லை. இதைத் தங்கள் அறிவின் குறை என்று எடுத்துக்கொண்டு, மறுபடி ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கி முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்களே, அதைப் பார்க்கும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அதிலும் அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருந்துவிட்டால் இந்தத் தாழ்வு மனப்பான்மை இன்னும் ஆழமாக இறங்கிவிடுகிறது.

பேசித்தான் பழக வேண்டும். யாரிடம் பேசுவது? நண்பர்கள் நடுவில் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால் "என்னடா, பீட்டர் விடுற?" என்பார்கள். தப்பாகப் பேசிவிட்டால் அதை வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். வீட்டில் ஆங்கிலத்துக்கு அவசியமே இல்லை. ஆகவே தனியாகப் பேசிப் பழகுவதுதான் நம் சூழலுக்குச் சரியான தொடக்கம் என்று உறுதியாக நம்புகிறேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில் கூச்சத்துக்கும் வேலை இல்லை. மொட்டை மாடி போதும். காதில் இயர்போன் மாட்டியிருந்தால் யாருடனோ போனில் பேசுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இன்று குளோபல் வார்மிங், நாளை சோஷியல் மீடியா என்று தினம் ஒரு தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவதில்தான் பலன் இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் 1980களில் எழுதிப் பரவலாக்கிய பயிற்சி ஒன்று உண்டு. 'ஃபோர் த்ரீ டூ' என்பார்கள். ஒரு விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் பேச வேண்டும். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில். பிறகு மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். வகுப்பறைக்காக வந்த முறைதான். தனியாகச் செய்ய செல்போனில் உள்ள டைமர் போதும்.

காலையில் பஸ்ஸில் வந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று இப்படித்தான் இருக்கும்: 'டுடே மார்னிங்... ஐ கேம் பை பஸ்... பஸ் வாஸ்... வெரி...' கூட்டம் என்பதற்குச் சொல் கிடைக்காது. கண்டக்டர் சில்லறை கேட்ட இடம் வந்ததும் மறுபடி நிற்கும். நிற்கட்டும். தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். நான்கு நிமிடம் முடிந்ததும் அந்த இரண்டு சொற்களை மட்டும் அகராதியில் பாருங்கள்: 'க்ரௌடட்', 'சேஞ்ச்'. இரண்டாவது சுற்றில் அவை தாமாக வந்து உட்காரும். மூன்றாவது சுற்றில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை துண்டு துண்டாகக் கிடந்த வாக்கியங்கள் ஒட்டிக்கொள்ளும்: 'த பஸ் வாஸ் ஸோ க்ரௌடட் தட் ஐ ஹேட் டு ஸ்டாண்ட் ஆன் த ஃபுட்போர்டு.' என்ன சொல்வது என்ற தேடல் முடிந்துவிட்டதால், எப்படிச் சொல்வது என்பதைக் கவனிக்க மனசுக்கு இடம் கிடைக்கிறது. பாட்டு கற்றுக்கொள்ள வரும் குழந்தைக்கு அதே சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் கூட்டிப் பாடவைக்கிறோம். தினம் ஒரு புதுக் கீர்த்தனை சொல்லிக்கொடுப்பதில்லை.

சொந்தமாகப் பேசுவது பாதி. மீதிப் பாதி, நன்றாகப் பேசுகிறவர்களின் கூடவே பேசுவது. ஒலிப்பதிவில் ஒருவர் பேசப் பேச, இம்மி பின்தங்கி அதே சொற்களை நாமும் உரக்கச் சொல்லிக்கொண்டே போவதை 'ஷேடோயிங்' என்கிறார்கள். பல மொழிகள் கற்ற அமெரிக்க அறிஞர் அலெக்சாண்டர் ஆர்குவெல்லஸ் இதை விறுவிறுவென்று நடந்துகொண்டே, நிமிர்ந்த முதுகோடு, உரத்த குரலில் செய்யச் சொல்கிறார். இதற்கு பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி அருமையானது; பேச்சின் எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. வேகம் அதிகம் என்று தோன்றினால், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' பாணிப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள், நிதானமான வேகத்தில் செய்தி சொல்லும் முறை அது. ஆறு நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். ஒரு நிமிடத் துண்டை எடுத்து, அது வாயில் வழுக்கிக்கொண்டு போகும்வரை செய்யுங்கள்.

கூடவே பேசும்போதுதான் நம் நாக்கின் பழக்கங்கள் பிடிபடும். தமிழில் அசைகளுக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே எடை கொடுக்கிறோம். ஆங்கிலம் ஒரு சொல்லில் ஓர் அசையை அழுத்தி, மற்றதை விழுங்கிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபொடாக்ரஃபி' என்றதும் அது இரண்டாவது அசைக்குத் தாவிவிடுகிறது. 'டெவலப்' என்பதில் நாம் 'டெ'யை அழுத்துகிறோம். அவர்கள் அழுத்துவது 'வெ'யை. மெய்யில் முடியும் சொல்லுக்கு ஓர் உகரம் சேர்த்து 'பஸ்ஸு', 'பேங்க்கு' என்போம். இறந்தகால வினைகளில்தான் அதிகம் தடுக்கும். 'வொர்க்' என்பதன் இறந்தகாலம் 'வொர்க்ட்', ஒரே அசை. நாம் 'வொர்க்கெட்' என்கிறோம். ஆங்கில t, d ஒலியில் முடியும் 'வான்ட்', 'நீட்' போன்றவை மட்டுமே 'வான்டெட்', 'நீடெட்' என்று ஓர் அசை கூடும். இந்த ஒரு விஷயத்தை ஒரு வாரம் விடாமல் கவனித்தாலே கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

தனியாகப் பழகுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. திருத்த ஆள் இல்லாததால் தப்பும் சேர்ந்தே பழகிவிடும். ஆகவே பேசுவதைப் பதிவு செய்து கேளுங்கள். நம் குரலை நாம் பேசும்போது எலும்பு வழியாகவும் கேட்கிறோம், பதிவில் காற்று வழியாக மட்டும். அதனால்தான் முதலில் வேறு யாரோ போல ஒலிக்கும்; பயந்து அழித்துவிடாதீர்கள். எங்கே நின்றோம், எங்கே 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' போட்டு ஒப்பேற்றினோம் என்று மட்டும் பாருங்கள். செல்போன் கீபோர்டில் இருக்கும் மைக்கை அழுத்தி ஆங்கிலத்தில் பேசி, அது என்ன எழுதுகிறது என்று பார்ப்பதும் நல்ல சோதனை. நீங்கள் சொன்ன சொல் வேறொன்றாக விழுந்தால் அந்தச் சொல்லில் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

பிபிசிக்காரர்கள் மாதிரி பேச வேண்டும் என்பதல்ல இதெல்லாம். போலந்துக்காரரான எழுத்தாளர் ஜோசப் கான்ராட் இருபது வயதுக்கு மேல்தான் ஆங்கிலம் கற்றார். ஆங்கில நாவலின் உச்சங்களில் சிலவற்றை எழுதிய பிறகும் அவர் பேச்சில் போலந்து வாடை கடைசிவரை போகவில்லை. நம் அப்துல் கலாம் 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசியது ராமேஸ்வரத்து மண் ஒட்டிய ஆங்கிலத்தில்தான். நிறுத்தி, தெளிவாகப் பேசினார், அவையினர் கேட்டார்கள். வாடை நம் ஊருடையது, அதைக் கழுவ வேண்டியதில்லை. கேட்பவருக்குப் புரிவதுதான் கணக்கு.

மாடியில் பழகிய பேச்சை மனிதர்களிடம் எடுத்துப் போக நடுவில் ஒரு படி வேண்டும். அதற்கு நான் சொல்வது கஸ்டமர் கேர். ரீசார்ஜ் திட்டத்தில் ஒரு சந்தேகம், வங்கிக் கணக்கில் புரியாத ஒரு பிடித்தம் என்று உண்மையாகவே கேட்க வேண்டியது எல்லோருக்கும் அவ்வப்போது வரும். அப்போது மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்துக்கான எண்ணை அழுத்துங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. 'பீட்டர்' என்று சொல்லப் போவதும் இல்லை. கேட்க வேண்டியதை முன்பே மூன்று சுற்று சொல்லிப் பார்த்துவிட்டு அழையுங்கள். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார், அதற்கு உங்களிடம் தயார் பதில் இருக்காது. புரியாவிட்டால் 'குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?' என்று கேட்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி பழகிவிட்டுக் கூப்பிடுங்கள்.