சாம்பியனைக் காணோம்

கிணற்றைக் காணோம் என்று வடிவேலு போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றபோது தமிழ்நாடே சிரித்தது. நான் ஒரு கால்பந்து கிளப்பைக் காணோம் என்கிறேன். சிரிக்காதீர்கள். அவருடையது வெட்டாத கிணறு. நாங்கள் பறிகொடுத்தது இந்தியாவின் சாம்பியனை. பெயர், சென்னை சிட்டி எஃப்சி. ஆடிய ஊர் கோவை, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கை வென்றது 2019-ல். 2021-க்குப் பிறகு அந்த லீக்கில் அதைக் கண்டவர் இல்லை. எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் எழுதிக் கொடுப்பது?

“வத்திராயிருப்புக்காரனுக்குக் கோயம்புத்தூர் டீம் மேல என்னடா அப்படி ஒரு பாசம்?” என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். இங்கே தென்னந்தோப்பும் வயலும் உண்டு; புல் மைதானம் கிடையாது. கிருஷ்ணன்கோவிலில் பஸ் மாறி, மதுரையில் மாறி, கோவை போய் இறங்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனாலும் போனோம். ஏன் போனோம்? அதில் ஆடியவர்கள் நம் பிள்ளைகள். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அங்கே ஆடித்தான் நாடறிந்தவர் ஆனார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் எல்லாம் அந்தச் சட்டையைப் போட்டவர்கள். மான்செஸ்டரையும் பார்சிலோனாவையும் டிவியில் பார்த்தே வளர்ந்தவனுக்கு, பஸ் ஏறிப் போய்ப் பார்க்க ஒரு டீம் கிடைத்ததே பெரிய விஷயம்.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் பட்டம் எங்களுக்கு. நழுவவிட்டால், கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆரம்பித்த வேகத்திலேயே பஞ்சாப் கோல் போட்டது. கேலரியில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கோழிக்கோட்டு ஸ்கோர் என்ன ஆச்சு என்று ஆளாளுக்குப் போனைத் தட்டுகிறோம். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியை அடித்தார். அதற்கப்புறம் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல் போட்டார். 3-1. எங்களுக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்தப் பெரியவர் யாரோ எவரோ, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அழுதது போதாது என்று நினைத்தார்கள் போல. ஏழே மாதத்தில், 2019 அக்டோபரில், இனி இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல்நிலை லீக், ஐ-லீக் அதற்குக் கீழே என்று ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு முடிவாகிவிட்டது. ஜெயித்தவனுக்கு மேலே ஏற வழியும் வைக்கவில்லை. 2022-23 பட்டத்திலிருந்துதான் அந்தக் கதவு திறக்கும் என்றார்கள். அதில் நுழைந்தது யார் தெரியுமா? அன்றைக்குக் கோவையில் எங்களிடம் தோற்ற அதே பஞ்சாப், கை மாறி, பெயர் மாறி. தோற்றவர்கள் ஐஎஸ்எல்லில். ஜெயித்தவர்கள் எங்கே?

சாம்பியன் என்ற தகுதியில் 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவோடு ஆடினார்கள். சொந்த மைதான ஆட்டம்தான். ஆனால் நடந்தது அகமதாபாத்தில்! 0-1 என்று தோற்றதுகூட வலிக்கவில்லை. தமிழ்நாட்டு டீம் ஆசியப் போட்டியில் தன் சொந்த ஆட்டத்தைக் குஜராத்தில் ஆட வேண்டிய கேவலம்தான் வலித்தது. பிறகு கொரோனா வந்தது. 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்காளத்தில் நடந்தது. அடுத்த பருவத்துப் பட்டியலில் பெயரே இல்லை. கிளப் உரிம நிபந்தனைகளை நிறைவேற்றவில்லையாம். கதை முடிந்தது.

முதலாளிமாரே, நஷ்டம் என்றால் நஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். டிவிப் பணம் வராத லீக்கில் வெளிநாட்டு வீரருக்குச் சம்பளம் போட்டு, நாடு முழுக்க விமானத்தில் டீமைக் கூட்டிப் போய் வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்காக உங்கள் வீட்டை விற்கச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பொங்கல் திருவிழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் அடிப்பார்கள். மைக் செட்டுக்கு எவ்வளவு, வாணவெடிக்கு எவ்வளவு, இன்னார் வீட்டு வரி பாக்கி, எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஆயிரம் ரூபாய் இடித்தால் நாட்டாமையை நிற்க வைத்துக் கேட்கலாம். “உங்கள் டீம்” என்று போஸ்டர் ஒட்டிக் கூப்பிடும் கிளப்பில் ரசிகனுக்கு அந்த உரிமை உண்டா? அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கை தட்டும்போது எங்கள் டீம். கணக்குக் கேட்டால் உங்கள் கம்பெனி. என்ன நியாயம் இது?

எல்லா ஊர் ரசிகர்களும் எங்களைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அதே 2019-ல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல். நாங்கள் ஐரோப்பா வந்துவிட்டது என்று குதித்தோம். இந்தியாவில் எதற்கு முதலீடு என்று அங்கே கொதித்தவர்கள் பாசல் ரசிகர்களே. 2021-ல் அவர்கள் எதிர்ப்பு முற்றி, பெரும்பங்கு வைத்திருந்த பெர்ன்ஹார்ட் புர்கெனர் விற்றுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கல்கத்தாவைப் பாருங்கள். மோகன் பகான் பெயருக்கு முன்னால் ‘ஏடிகே’யை ஒட்டியதை எடு, எடு என்று ரசிகர்கள் விடாமல் கத்தினார்கள். 2023-ல் எடுத்தார்கள். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் 2021 ஜூலையில் முதலீட்டாளர் ஒப்பந்தத்துக்காகத் தெருவில் இறங்கிப் போலீஸ் தடியடி வாங்கினார்கள். நாங்கள்? வாட்ஸ்அப்பில் அழுகிற பொம்மை போட்டோம். அதில் எனக்கு எங்கள் மேலேயே ஆத்திரம்.

சரி, சென்னையின் எஃப்சி இருக்கிறதே என்பார்கள். அபிஷேக் பச்சனும் தோனியும் முகம் காட்டிய டீம், இரண்டு ஐஎஸ்எல் கோப்பை வைத்திருக்கிற டீம். அதன் லட்சணத்தையும் பார்த்தோம். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல் நடத்தும் கம்பெனிக்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்க வழி தெரியவில்லை என்று ஜூலையிலேயே லீக்கை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது. பெங்களூரு எஃப்சியும் நிறுத்தியது. 2026 ஜனவரியில் சுனில் சேத்ரியும் சந்துவும் ஜிங்கனும் வீடியோவில் வந்து, ஃபிஃபாதான் இந்தியக் கால்பந்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கையேந்தினார்கள். நாட்டுக்குக் கேப்டனாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், கேலரியில் உட்கார்ந்தவனை எவன் மதிப்பான்?

ஒன்று மட்டும் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். அதே 2019-ல், மே மாதம், மதுரை சேது எஃப்சி பெண்கள் இந்திய மகளிர் லீக்கை வென்றார்கள். சுவிஸ் பணமும் கிடையாது, சினிமா முகமும் கிடையாது. அவர்களுக்கு எத்தனை பேர் கை தட்டினோம்? அந்த டீம் அதற்குப் பிறகும் லீக்கில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

நாளைக்கே இன்னொரு முதலாளி வருவார். புதுப் பெயர், புதுச் சட்டை, “உங்கள் டீம்” என்று பழைய போஸ்டர். வரட்டும். பஸ் ஏறிப் போகத்தான் போகிறேன், என் புத்தி எனக்குத் தெரியும். ஆனால் கிளப்பை மூடுவதானாலும் ஊர் மாற்றுவதானாலும் ஆறு மாதம் முன்னால் எங்களைக் கூப்பிட்டுச் சொல்வோம், கணக்கை வைப்போம், வாங்க ஆள் இருக்கிறதா என்று முதலில் எங்களிடம் கேட்போம் என்று டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அது இல்லாமல் “உங்கள்” என்ற சொல்லை அந்தப் போஸ்டரில் போடாதீர்கள்.