மக்களைக் கேளாத இணைப்பு

அயல்நாட்டோடு நட்புப் பூணுவது வேறு. அதன் ஆதிக்கத்துள் அடங்குவது வேறு. கிட்ட உறவு முட்டப் பகை என்பர் நம் முன்னோர். வலிய அயலவரோடு வாழும் சிறிய நாடுகள் இவ்வேற்றுமையை மறத்தலாகாது என்பதற்குப் பெலாரஸ் நாட்டின் வரலாறு சான்று பகர்கின்றது.

1999 டிசம்பர் 8இல் பெலாரஸ் ஜனாதிபதி லுகஷென்கோவும் ருஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினும் 'ஒன்றிய அரசு' உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். பொது நாணயம், பொதுப் பாராளுமன்றம் என்பன இருபது ஆண்டுகள் ஏட்டளவிலேயே கிடந்தன. ருஷ்யாவின் மலிவான எண்ணெயையும் எரிவாயுவையும் பெற்றுக்கொண்டே இணைப்பைத் தள்ளிப்போட்டு வந்தார் லுகஷென்கோ.

2019 டிசம்பர் 7இல் அவர் சோச்சி நகரிற் புட்டினோடு நெருங்கிய இணைப்புக் குறித்துப் பேசிய வேளையில், தலைநகர் மின்ஸ்கில் ஆயிரம் பேரளவில் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்விணைப்புத் திட்டங்களோ மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேயில்லை. நாட்டின் தலைவிதியை மூடிய அறைக்குள் எழுத எவருக்கும் உரிமையில்லை என்பதே அவ்வெதிர்ப்பின் உட்பொருள் என நாம் கொள்கிறோம்.

ஆயிரம் பேர் ஒரு நாடாவரோ எனச் சிலர் வினவலாம். அவர்தம் அச்சம் வீணன்று எனக் காலம் காட்டிற்று. 2020 ஆகஸ்டுத் தேர்தலில் தமக்கு 80 வீத வாக்குகள் கிடைத்தனவென லுகஷென்கோ அறிவிக்கச் செய்தபோது, இலட்சக்கணக்கானோர் கிளர்ந்தெழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். மக்களின் நம்பிக்கையை இழந்தவருக்கு மொஸ்கோவே தஞ்சமாயிற்று. செப்டெம்பரில் 150 கோடி டொலர் கடன் வாக்களிக்கப்பட்டது. 2021 நவம்பரில் 28 இணைப்புத் திட்டங்கள் ஒப்புக்கொள்ளப்பட்டன. 2022 பெப்ரவரியில், பெலாரஸ் மண்ணினூடாகவே ருஷ்யப் படைகள் உக்ரெயினுட் புகுந்தன. அண்டை நாட்டின் மீதான படையெடுப்புக்குத் தம் மண்ணைத் திறந்துவிடுமாறு பெலாரஸ் மக்கள் எந்நாளும் ஆணை வழங்கினாரல்லர்.

படைபலத்திற் சிறிய நாட்டுக்கு மக்களின் சம்மதமே உறுதியான அரண். அதனைத் தன் கையாலேயே தகர்த்த ஆட்சியாளன், வலிய அயலவனிடம் பேரம்பேசும் வலுவையும் இழக்கிறான். நாற்காலியைக் காக்க நாட்டை ஈடுவைத்தவனுக்கு, அதனை மீட்கும் வழி எளிதிற் கிட்டாது.

இணைப்பு நன்மை தருமாயின் அதனை மக்கள் முன் வைக்க அஞ்சுவானேன்? ஒளித்து எழுதப்படும் ஒப்பந்தம் எதுவாயினும் அதனை எதிர்த்தெழுவது குடிமக்களின் உரிமை; அது அவர்தம் கடமையுமாகும் என்பதே நம் துணிபு.