தட்டு எறிய இடமில்லாத கடற்கரை

நாகர்கோவில்காரனுக்கு ஏர்போர்ட்னா திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்களுக்குத் தலைநகரமே அதுதானே! இந்தத் தடவை இறங்கின கையோட மூணு நாள் கோவளம், அப்புறம்தான் வீடுன்னு முடிவு. பையன் பெட்டியில நாலு டிஸ்க் எடுத்து வச்சிருந்தான்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவங்களுக்கு: மட்டை, பந்து, குழி எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் தட்டை எறிஞ்சு, சங்கிலி தொங்குற கூடையில விழ வைக்கணும். எட் ஹெட்ரிக்னு ஒருத்தர் 1975-ல கலிபோர்னியாவுல முதல் நிரந்தர மைதானம் போட்டார். (தன் சாம்பலைத் தட்டுல கலந்து வார்க்கச் சொல்லிட்டுச் செத்த மனுசன்!) அமெரிக்காவுல பெரும்பாலும் பொதுப் பூங்காவுலதான் விளையாடுறோம், ஓசியில.

கோவளத்துல லைட்ஹவுஸ் பீச் முழுக்கக் குடையும் ஆளும். தட்டு எறிஞ்சா எவன் மண்டையாவது உடையும். ஒரு ஹோட்டல் புல்வெளியில ரெண்டு எறி எறிஞ்சோம், காவலாளி வந்து விரட்டிட்டார். சரி, சங்குமுகம் போவோம்னு போனா, சின்ன வயசுல நான் ஓடின மணலைக் காணோம். 2021 மே மாசம் தவ்தே புயல்ல அங்க ரோட்டையே கடல் தின்னுச்சு. பூந்துறையில கரைன்னு பாத்தா கருங்கல் குவியல்.

"பண்டு இவிட ஃபுட்பால் களிச்சதாணு"ன்னார் வலை பின்னிட்டிருந்த ஒரு பெரியவர். கை காட்டின இடத்துல அலை அடிச்சிட்டிருந்தது.

விழிஞ்ஞம் துறைமுகம்தான் காரணம்னு 2022-ல மீனவங்க மாசக்கணக்காப் போராடினாங்க. இல்லைன்னு எதிர்த்தரப்பு. துறைமுகம் 2025 மே 2-ல திறந்தாச்சு. யார் சொல்றது சரியோ, ஒண்ணு கேக்கறேன். போன வீட்டுக்காவது கணக்குன்னு ஒண்ணு பேசலாம். பசங்க போஸ்ட் நட்டு விளையாடின மணலுக்கு யாருங்க கணக்கு எழுதுவா?

இடமே இல்லாத ஊரா இது? கவடியார்ல ராஜா காலத்து ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் இருக்கு, ஏறக்குறைய 25 ஏக்கர். அது யாருக்குங்கிற சண்டை கோர்ட் வரை போச்சு. அதை உழுது போடுங்கன்னு நான் சொல்லல. ஆனா 25 ஏக்கர் புல்லுக்குத் தண்ணி ஊத்தத் தெரிஞ்ச ஊருக்கு, வேளி காயல் பக்கம் மரங்களுக்கு நடுவுல ஒன்பது கூடை நட முடியாதா? இதுக்குப் புல்லும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். அதுக்கும் முன்னாடி பூந்துறைப் பசங்களுக்கு ஒரு கால்பந்து மைதானம். வரிசை அப்படித்தான் வரணும். என் பையன் டிஸ்க் காத்திருக்கலாம்.

நாமளும் யோக்கியமில்ல. அங்க ஓசிப் பூங்காவைப் புகழ்ந்துட்டு, இங்க வந்ததும் "பிரைவேட் பீச்" இருக்கான்னுதானே முதல்ல பாக்கறோம்? நானும் பாத்தேன் :-(

கிளம்புற அன்னைக்குப் பூந்துறைப் பசங்க கையில பையன் ஒரு தட்டைக் குடுத்தான். முதல் எறியே பிரமாதம். ரெண்டாவது எறி கருங்கல் இடுக்குல போயி மாட்டிச்சு. ஒருத்தன் கையை விட்டுத் துழாவினான், எட்டல.

"சாரமில்ல சேட்டா"ன்னு அவன்தான் எங்களைத் தேத்தினான்.