கரன்ட் போனால் கணக்கு தப்புமா?

கடையில் வியாபாரம் மும்முரம். கடைக்காரர் கையில் கொஞ்சம் பணம், கல்லாப்பெட்டியில் கொஞ்சம், மீதி இரும்புப்பெட்டியில். திடீரென்று கரன்ட் போகிறது. இருட்டில் எந்தப் பணம் பத்திரம்? இரும்புப்பெட்டியில் இருப்பதுதான் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

நாம் பதியும் தகவல் முதலில் சிபியுவுக்குள் இருக்கும் 'கேஷ்' என்ற குட்டி நினைவகத்தில் விழும். அது கடைக்காரரின் கை. அங்கிருந்து மெமரி கன்ட்ரோலருக்கு வரும். அது கல்லாப்பெட்டி. அதன்பிறகுதான் மெமரிக்குப் போய்ச் சேரும். சாதாரண ரேம் என்றால் கரன்ட் போனதும் அதுவும் காலி. அழியாமல் காப்பது 'பெர்சிஸ்டன்ட் மெமரி'. இதுதான் இரும்புப்பெட்டி. சர்வர்களுக்காக இன்டெல் 2019-ல் 'ஆப்டேன்' என்ற பெயரில் 128, 256, 512 ஜிபி அளவுகளில் இதைக் கொண்டுவந்தது. 2022-ல் அந்தத் தொழிலை மூடுவதாக அறிவித்துவிட்டது. பேட்டரி அல்லது கெப்பாசிட்டர் துணையோடு இதே வேலையைச் செய்யும் வேறு மெமரிகளும் உண்டு.

சரி, கரன்ட் போகும் அந்த நொடியில் கையிலும் கல்லாவிலும் இருப்பது என்ன ஆகும்? அது மெஷினைப் பொறுத்தது. சில சர்வர்கள் கல்லாவில் இருப்பதை மட்டும் இரும்புப்பெட்டியில் சேர்த்துவிடும். சில, கையில் இருப்பதையும் சேர்த்துவிடும்.

இங்கேதான் 'விர்ச்சுவல் மெஷின்' வருகிறது. ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல இயக்கும் ஏற்பாடு இது. இதற்கான இலவச மென்பொருள்களில் முக்கியமானது 'கியூஎமு'. பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார் உருவாக்கி, 2003-ல் வெளியிட்டது. அதில் 'என்விடிம்-பெர்சிஸ்டன்ஸ்' என்று ஒரு செட்டிங். கல்லா வரைதான் பாதுகாப்பு என்றால் மெமரி கன்ட்ரோலரின் சுருக்கப் பெயரைக் கொடுக்க வேண்டும். கை வரை பாதுகாப்பு என்றால் 'சிபியு'.

இந்த செட்டிங் எந்தப் பாதுகாப்பையும் புதிதாகத் தராது என்பதுதான் முக்கியம். உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். 'சிபியு' என்று சொன்னால் உள்ளே இருக்கும் லினக்ஸ் அதை நம்பி, கேஷில் இருப்பதை அவ்வப்போது கீழே இறக்கும் வேலையை விட்டுவிடும். நிஜ சர்வரில் அந்த வசதி இல்லையென்றால்? 'சேமித்தாயிற்று' என்று சொன்ன தகவல் கரன்ட்டோடு போய்விடும். சொன்னது உண்மையா என்று கியூஎமு சோதிப்பதும் இல்லை. கரன்ட் போகும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

அதனால்தான் இதற்கான கையேட்டில் ஒவ்வொரு வார்த்தையும் முக்கியம். ஆரம்பத்தில் இந்த செட்டிங்குக்கு 2 என்பதுபோல வெறும் எண்தான் கொடுக்க வேண்டியிருந்தது. 2 என்றால் என்னவென்று யாருக்குப் புரியும்? 2018-ல் எண்ணை எடுத்துவிட்டு வார்த்தைகளை வைத்தார்கள். எந்த வார்த்தை எதுவரை காக்கும் என்பதைக் கையேட்டிலும் எழுதினார்கள்.

சர்வர் நம் வீட்டில் இல்லை. ஆனால், இன்வெர்ட்டர் பல வீடுகளில் இருக்கிறது. எந்த பிளக் பாயின்ட்டுக்கு அதன் இணைப்பு உண்டு, எதற்கு இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? பிள்ளை ஆன்லைன் தேர்வுக்கு உட்காரும் முன்பே, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்!