கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே!



சிகாகோவில் ஒரு பள்ளி. பதின்வயதுப் பையன்கள் இரண்டிரண்டு பேராக நிற்கிறார்கள். ஒருவன் கையில் பந்து. 'முப்பது விநாடிக்குள் அதை வாங்கு' என்கிறார் ஆலோசகர் மற்றவனிடம். அவ்வளவுதான். கையை முறுக்குகிறார்கள், விரலைப் பிரிக்கிறார்கள், தரையில் உருளுகிறார்கள். அமளி அடங்கியதும் அவர் கேட்கிறார்: "ஏன் ஒருத்தர்கூட 'பந்தைக் கொடேன்' என்று கேட்கவில்லை?"

"கேட்டா கொடுத்திருக்க மாட்டான். என்னைக் கோழைன்னு நினைச்சிருப்பான்."

எதிரே நின்றவனிடம் திரும்புகிறார். 'கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?'

"கொடுத்திருப்பேனே. வெறும் பந்துதானே!"

இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அமெரிக்காவில் 2020 முதல், 1 வயது முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் துப்பாக்கிக்குத்தான். இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் பையனைக் கேட்டால், பெரும்பாலும் 'பாதுகாப்புக்கு' என்பான். எதிரே வருகிறவனிடமும் இருக்குமோ என்ற பயம் அவனுக்கு. ஒரு முறைப்பு, ஒரு சொல், அதற்குப் பிறகு முப்பது விநாடிகூடத் தேவையில்லை.

அந்தப் பந்துப் பயிற்சி 'பிகமிங் எ மேன்' என்ற திட்டத்தின் ஒரு பகுதி. இந்தத் திட்டத்தை 2001-இல் தொடங்கியவர் அந்தோனி ராமிரெஸ்-டி விட்டோரியோ. இதில் எனக்குப் பிடித்தது, 'சண்டை போடாதே' என்ற உபதேசம் இல்லாததுதான். சில தெருக்களில் ஒருநாள் பணிந்து போனவனை மறுநாளும் விடமாட்டார்கள். அது தெரியாமல் பேசும் பெரியவர்களின் பேச்சைப் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை. கை ஓங்குமுன் ஒரு கணம் நின்று, 'எதிரே நிற்பவன் நிஜமாகவே என்ன நினைக்கிறான்?' என்று பார்க்க மட்டுமே இங்கே பழக்குகிறார்கள்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பையன்களைப் பிரித்து, இந்தத் திட்டத்தை இருமுறை சோதித்தார்கள். 2009-10-இல் நடந்த முதல் சோதனையில் மட்டும் 2,740 பேர். வகுப்புகள் நடந்த காலத்தில், வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது. வகுப்புகள் முடிந்தபின் அந்தக் குறைவு நிலைக்கவில்லை. அந்த வரியைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனாலும், அந்த வயதில், அந்தத் தெருக்களில், ஒரு வருடத்தைக் கைதாகாமல், அடிபடாமல் கடப்பது சின்ன விஷயமா?

வாராவாரம் வட்டமாக உட்கார்ந்து, 'உடம்பு எப்படி, மனசு எப்படி' என்று ஒவ்வொருவனும் சொல்லித்தான் வகுப்பு தொடங்கும். 2013 பிப்ரவரியில் ஹைட் பார்க் அகாடமியில் அப்படியொரு வட்டத்தில் அதிபர் ஒபாமாவும் அமர்ந்தார். அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்ததையும், உள்ளுக்குள் இருந்த கோபத்தையும், செய்த தவறுகளையும் சொன்னார். "உங்களைப் பத்தியா சொல்றீங்க?" என்று நம்பமுடியாமல் கேட்டான் பக்கத்தில் இருந்த பையன். அதே ஆண்டு தந்தையர் தினத்துக்கு அந்தப் பிள்ளைகள் வெள்ளை மாளிகைக்குப் போய், எல்லோரும் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டையை அவரிடம் கொடுத்தார்கள். 'தந்தையர் தின அட்டையில் நான் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை' என்றான் ஒருவன்.

தானும் போட்டதே இல்லை என்றார் ஒபாமா.